கயிற்றறையில் அகப்பட்டது எலி அல்ல

கோதுமைக் கப்பலின் முன்தளத்தில் நீல நிற மீன்கூடை ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கூடையின் மேல் ஒரு மண்வெட்டி. மண்வெட்டியின் மேல் நஸீரின் வலது கால்.

கூடைக்குள் பூனை அளவில் ஒரு விலங்கு சரிந்து கிடந்தது. சாம்பல் நிற மயிர், வெள்ளை முகம், மயிரே இல்லாத கறுத்த காதுகள், மயிரே இல்லாத நீண்ட வால். வாய் திறந்து நாக்கு வெளியே தொங்கியது. வாயோரத்தில் எச்சில் நுரைத்திருந்தது. பின்பக்கத்தால் பச்சையாக ஏதோ ஒழுகித் தளத்து இரும்பில் சிறு குட்டையாக நின்றது. நாற்றம் ஏணிப்படியிலேயே எங்களை எதிர்கொண்டிருந்தது.

"செத்துட்டு," என்றார் நஸீர். "செத்து ரெண்டு நாளாகியிருக்கும். மணத்தைப் பாருங்க."

"பிறகேன் காலை எடுக்காமல் நிக்கிறீங்கள்?" என்று கேட்டாள் என் தங்கை.

நஸீர் காலை எடுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பவும் வைத்தார்.

மாட்டு டொக்டர்

இந்தத் தொடரில் துறைமுகம், மழை, கலவரம், தேர்தல் என்று பலதையும் எழுதிவிட்டேன். என் தங்கை சுகந்தியைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. நிருபன் தன் வீட்டாரைச் செய்தியாக்கக்கூடாது என்பது நான் வேலை பழகிய பத்திரிகைச் செய்தி மேசையின் கட்டளை. இப்போது எனக்கு மேசையும் இல்லை, கட்டளையிட ஆசிரியரும் இல்லை.

சுகந்தி அரசாங்க மிருக வைத்தியர். அவளுடைய எல்லை கொட்டியாரக் குடாவின் மறுகரையில், மூதூர், கட்டைபறிச்சான் பக்கம். பசுவும் எருமையும் ஆடும் அவளுடைய நோயாளிகள். சில வருடங்களுக்கு முன், திருமலைத் துறைமுகத்தில் வெளிநாட்டு விலங்குகளைப் பரிசோதிக்கும் வைத்தியர் பிரசவ விடுமுறையில் போனார். அவர் திரும்பும் வரை அந்தப் பொறுப்பும் சுகந்தியின் தலையில் விழுந்தது.

துறைமுகத்து ஆட்கள் அவளுக்கு உடனே பெயர் வைத்துவிட்டார்கள். மாட்டு டொக்டர். நேரில் "டொக்டர்" என்பார்கள். அவள் நான்கு அடி தள்ளிப் போனதும் முன்சொல்லைச் சேர்த்துக்கொள்வார்கள். அவளுக்கும் தெரியும். "பொய் சொல்லேல்லையே," என்பாள்.

அன்று அவளுடைய ஜீப் கராஜில் நின்றது. அன்புவழிபுரத்து வீட்டிலிருந்து என் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். என்னிடம் நிருபர் அட்டை இருந்ததால் வாசலில் மறிக்கவில்லை. அழைத்ததும் நஸீர்தான். மூதூர்க்காரர், கோதுமை இறக்கும் கூட்டத்துக்குத் தலைவர். எனக்குப் பழைய பழக்கம், சுகந்திக்குக் காக்கா, அதாவது அண்ணன் முறை. "அண்ணன், தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க. இஞ்ச ஒரு சாமான் இரிக்கி. எலியெண்டு சொல்றாங்க. எனக்கென்னமோ மனம் ஒப்பல்ல," என்று தொலைபேசியில் சொன்னார்.

எலி என்றால் அவருடையது

தளத்தில் எங்களுக்கு முன்பே நின்றவர் கப்பல்களைப் பார்க்கும் சுகாதாரப் பரிசோதகர் இராசநாயகம். நரைத்த மீசை, முழங்கைவரை மடித்த சேர்ட். மரியாதையான மனிதர். கப்பல் எலிகளைப் பற்றி அவரைவிட அறிந்தவர் இந்தக் கரையில் எவருமில்லை. அதுதான் அன்றைய சிக்கலுக்கும் காரணம்.

தானியக் கப்பல்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கோதுமையில் பூச்சி பிடிக்காதிருக்க, கப்பல் புறப்படும்போதே தானியத்துக்குள் மருந்துக் குளிசைகளைப் போட்டுவிடுவார்கள். அதிலிருந்து காற்று கிளம்பும். நஸீரின் ஆட்கள் அதைக் காஸ் என்பார்கள். காஸ் பட்ட எலி தள்ளாடிக்கொண்டு வெளியே வரும், வாயால் வடிக்கும், விழும், நாறும். அதை ஒருவரும் தொடமாட்டார்கள். கூடையால் மூடி, தகரப் பீப்பாயில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட்டுத்தான் மறுவேலை. இந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர்பவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

ஆகவே அன்று காலை மாலுமி ஒருவன் முன்பக்கத்துக் கயிற்றறையைத் திறக்க, உள்ளேயிருந்து பாய்ந்த விலங்கு தளத்தில் ஓடி, ஆட்கள் சூழ்ந்து கத்தியதும் பொத்தென்று சரிந்து வாயால் வடித்தபோது, எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது. வேறு ஊரில் என்றால் வலிப்பு என்றிருப்பார்கள், பயம் என்றிருப்பார்கள். எங்கள் ஊரில் காஸ்.

தகரப் பீப்பாய் தயாராக நின்றது. பக்கத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தல்.

"காஸ் பட்ட எலி, பிள்ளை," என்றார் இராசநாயகம். "அமெரிக்காவில இருந்து வந்த கப்பல். அங்கத்தைய சாப்பாடு. அதான் இந்தப் பருமன்."

"எலியெண்டு எதை வைச்சுச் சொல்றீங்கள், ஐயா?"

"வாலைப் பாருங்கோவன்."

"வாலைப் பாத்தனான். பல்லைப் பாத்தீங்களோ?"

"செத்த எலியின்ரை பல்லை நான் ஏன் பாக்கோணும்?" அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "இஞ்ச பாருங்கோ. எலியெண்டால் என்ரை ஆள். மிச்ச மிருகமெல்லாம் உங்கட ஆள். இது என்ரை ஆள். எரிச்சுப்போட்டு, கப்பலை வெளியில இழுத்து, திரும்பக் காஸ் அடிக்கச் சொல்லப்போறன். நீங்கள் போய் மாட்டைப் பாருங்கோ."

பக்கத்தில் நின்ற யாரோ சிரித்தான். சுகந்தி திரும்பிப் பார்க்கவில்லை. பையிலிருந்து கையுறையை எடுத்தாள்.

அந்த இடத்தில் நான் செய்த ஒரே காரியம், தொழில் பழக்கத்தால் செய்தது. விபத்துச் செய்தி எழுதும்போது இரண்டு சாட்சிகளின் கூற்றை அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டும் உண்மையாக இருக்க வழியில்லாவிட்டால் அங்கேதான் செய்தி இருக்கும்.

"நஸீர், இது ஓடினது எப்ப?"

"இப்பதான் அண்ணன். நீங்க வாறத்துக்குக் கொஞ்சம் முன்ன."

"செத்து எவ்வளவு நாளெண்டு சொன்னீங்கள்?"

நஸீர் மண்வெட்டியிலிருந்து காலை எடுத்தார். இம்முறை திரும்ப வைக்கவில்லை.

சுவரில் தொங்கிய ஏணி

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன்.

நானும் சுகந்தியும் படித்த பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான அறையில் ஒரு படம் தொங்கியது. முலையூட்டிகளின் வகைப்பாடு. அதை ஏணியாகக் கீறியிருந்தார்கள். அடிப்படியில் முட்டையிட்டுப் பால் கொடுக்கும் பிளற்றிபஸ், வாத்தின் சொண்டோடு. நடுப்படியில் வயிற்றுப் பையில் குட்டியோடு கங்காரு. மேற்படியில் பசு, திமிங்கிலம், குரங்கு. எல்லாவற்றுக்கும் மேலே கழுத்தில் ரை கட்டிய ஒரு மனிதன்.

நான் அந்தப் படத்தை நம்பி வளர்ந்தேன். ஏணி என்றால் நடுப்படியில் நிற்பது பாதியில் நின்றுவிட்ட விலங்கு. மேலே ஏறத் தெரியாதது. ஒருமுறை செய்தி ஒன்றில் "வளர்ச்சியடையாத பைவிலங்கு" என்று எழுதியும் விட்டேன். பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்த சுகந்தி, குசினியில் தேங்காய் திருவிக்கொண்டே அதை வாசித்தாள்.

"அண்ணா, ஆர் உங்களுக்கு இதைச் சொன்னது?"

"படத்தில இருந்தது."

"படம் பிழை. அது ஏணியில்லை, மரம். ஒரு அடிமரத்தில இருந்து கொப்புகள் பிரிஞ்சு போகுது. முட்டையிடுறது ஒரு கொப்பு. பையில வளர்க்கிறது ஒரு கொப்பு. நாங்களும் மாடும் எலியும் இன்னொரு கொப்பு. கொப்பில மேல் கீழ் இருக்கோ?"

எலியும் நாங்களும் ஒரே கொப்பு என்பதை அன்றுதான் அறிந்தேன். தாயின் வயிற்றில் நெடுநாள் கிடந்து, சூல்வித்தகத்தின் வழியே உணவு பெற்று, முழுதாக வளர்ந்த பின் பிறக்கும் கூட்டம் எங்களுடையது. ஊரில் இளங்கொடி என்று சொல்வதுதான் பாடப்புத்தகத்தில் சூல்வித்தகம். மற்றக் கொப்பில் குட்டி அவரை விதை அளவில் பிறக்கிறது. கண் இல்லை, காது இல்லை. முன்னங்கால்கள் மட்டும் உண்டு. அவற்றால் தாயின் மயிரைப் பற்றிப் பற்றி ஏறிப் போய் முலைக்காம்பைக் கவ்விக்கொள்கிறது. மிச்ச வளர்ச்சியெல்லாம் அங்கேதான்.

"பை இருக்கிறதெல்லாம் அந்தக் கொப்பு, அப்பிடியோ?" என்று கேட்டேன்.

"அதுவும் பிழை. பையே இல்லாததும் அதுக்குள்ள இருக்கு. பிறக்கிற விதம், பல்லு, இடுப்பில முன்னுக்கு நீட்டின ரெண்டு எலும்பு, எல்லாத்தையும் சேர்த்துத்தான் பாக்கிறது. ஒண்டை மட்டும் பாத்து முடிவெடுத்தால் வாலைப் பாத்து எலியெண்ட மாதிரித்தான்."

ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்காதே என்பதைத்தான் என் முதல் ஆசிரியரும் எனக்குச் சொல்லித் தந்தார். அவர் அதற்குப் பாவித்த சொற்களை இங்கே அச்சிட முடியாது.

நெருப்பா, தலையா

கப்பலுக்குத் திரும்புவோம். சுகந்தி கூடையைத் தூக்கினாள். நான்கைந்து பேர் பின்னால் பாய்ந்தார்கள். அவள் முழங்காலில் இருந்து, விலங்கின் மேலுதட்டைப் பெருவிரலால் உயர்த்தினாள்.

"ஐயா, கிட்ட வாங்கோ. காஸ் இல்லை, நான் பொறுப்பு."

இராசநாயகம் வந்தார். அது அவருடைய பெருந்தன்மை.

"எலிக்கு முன்னுக்கு மேல ரெண்டு, கீழ ரெண்டு. பக்கத்தில இடைவெளி. நாய்க்கு இருக்கிற மாதிரி வேட்டைப்பல் எந்த எலிக்கும் இல்லை. சரிதானே?"

"சரி."

"இதென்ன?"

நீண்ட வேட்டைப்பல். அதன் முன்னே சின்னச் சின்னப் பற்கள் ஒரு வரிசையாக. பின்னால் வாய் முழுக்கப் பல். இராசநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போன கணம் அது. பிழை என்று தெரிந்ததும் அவர் தலையசைத்தார்.

"எலியில்லை. ஒத்துக்கொள்றன். அப்ப மரநாய்ச் சாதி. வாயில நுரை. விசர்நாய் வருத்தம்." அவர் நிமிர்ந்தார். "விசரெண்டால் மூளையைப் பாக்கத் தலையை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்போணும், டொக்டர். அது உங்கட வேலை."

"பிள்ளை" போய் "டொக்டர்" வந்திருந்தது. ஆனால் விலங்கின் நிலைமை திருந்தவில்லை. எலி என்றால் நெருப்பு. மரநாய் என்றால் தலை. அது உயிரோடிருக்க வேண்டுமானால் மூன்றாவது பெயர் ஒன்று தேவைப்பட்டது. அதைச் சொல்ல அந்தத் தளத்தில் இருந்தவள் ஒருத்திதான்.

சுகந்தி பின்னங்காலை விரித்துக் காட்டினாள். எங்கள் கையின் பெருவிரலைப் போல ஒன்று பக்கவாட்டில் விலகி நின்றது. அதில் நகமில்லை. "மரநாய்க்கு இது இல்லை."

பிறகு விலங்கை மெதுவாக மல்லாத்தினாள். வயிற்று மயிருக்கு நடுவே ஒரு பிளவு, பணப்பையின் வாயைப் போல. விரல் நுனியால் அதை விலக்கினாள்.

"நஸீர் காக்கா, டோர்ச்சைப் பிடியுங்கோ."

நஸீர் தன் கைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்தார். எட்டிப் பார்த்தவர், "யா அல்லாஹ்" என்றார், மிக மெல்ல.

உள்ளே இளஞ்சிவப்பாக, மயிர் முளைக்காத குட்டிகள். பெருவிரல் அளவுதான் ஒவ்வொன்றும். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு முலைக்காம்பு. அவை அசைந்துகொண்டிருந்தன. பால் குடித்துக்கொண்டிருந்தன.

"இது ஒபோசம். பைவிலங்கு. கங்காருவின்ரை கொப்பு," என்றாள் சுகந்தி. "தாய். உயிரோட இருக்கிறா."

"பைவிலங்கு அவுஸ்திரேலியாவில எல்லோ?" இராசநாயகம் விடவில்லை, விடவும் கூடாது. "கப்பல் அமெரிக்காவில இருந்து நேரா வந்தது. கப்பல் அதிகாரி அந்தா நிக்கிறார், கேளுங்கோ."

"அவுஸ்திரேலியாவில கூடுதல். ஆனா அமெரிக்காவிலயும் அந்தக் கொப்பு இருக்கு, ஐயா. இதுதான்."

"நுரை?"

"எதிரி சூழ்ந்தால் இப்பிடி விழும். வடிக்கும், நாறும். செத்ததெண்டு விட்டிட்டுப் போகட்டுமெண்டு. வேணுமெண்டு நடிக்கிறதில்லை, மயக்கம் தானா வாறது. நாங்கள் விலகினால் எழும்பும்."

"எழும்பாட்டி?"

"எழும்பாட்டி நானே தலையை வெட்டித் தாறன்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஏற்ற இறக்கம் இருக்கவில்லை. எழும்பாவிட்டால் தாயும் குட்டிகளும் போவதோடு, இந்தத் துறைமுகத்தில் மாட்டு டொக்டரின் சொல்லை இனி ஒருவரும் கேட்கப்போவதில்லை.

தளம் காலியானது

எல்லோரும் பின்வாங்கினோம். கூடை இல்லை, மண்வெட்டி இல்லை. வெயிலில் விலங்கு மட்டும் கிடந்தது. நஸீர் தன் ஆட்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். கோதுமை இறக்கும் கூட்டம் வாய்மூடி நின்று நான் முன்னும் பின்னும் கண்டதில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. கடற்காகம் ஒன்று தளத்துக்கு மேலால் போனது. யாரோ இருமினான், மற்றவர்கள் அவனை முறைத்தார்கள். இராசநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். சுகந்தி கயிற்றுச் சுருள் ஒன்றின் மேல் இருந்து, விலங்கையல்ல, தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒரு காது அசைந்தது. காற்றோ என்று நினைத்தேன். மற்றக் காதும் அசைந்தது. பிறகு மூக்கு. நாக்கு உள்ளே போனது. வாய் மூடியது. விலங்கு தலையைத் தூக்கி, எங்களை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தது. மரியாதைக் குறைவான பார்வை. எழுந்து உடம்பை உதறிவிட்டு, அவசரமே இல்லாமல் கயிற்றறைக்குள் நடந்து போனது.

தளத்தில் எழுந்த சத்தம் மறுகரைக்குக் கேட்டிருக்கும். நஸீரின் ஆட்கள் கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். "எங்கட டொக்டர்!" என்று ஒருவன் கத்தினான். சற்று முன் சிரித்தவனே அவன்.

இராசநாயகம் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தானே எடுத்து மூடியைத் திருகினார். "என்ரை ஆளில்லை," என்றார். "உங்கட ஆள்தான், டொக்டர். என்ன செய்யப்போறீங்கள்?"

வெளிநாட்டு விலங்கைக் கரையில் இறக்க முடியாது. இங்கே அப்படியொரு கொப்பே இல்லை. அது பரவினால் எங்கள் காட்டுக்கு என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. இதைச் சுகந்தி முதல் வசனத்திலேயே சொல்லிவிட்டாள். விலங்கு கப்பலிலேயே இருக்கும், கூட்டில் பூட்டி. கப்பல் நிற்கும் நாளெல்லாம் அவள் வந்து பார்ப்பாள். விசர்க் குறி ஏதும் தென்படாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போகும். கப்பலின் அதிகாரி, ஒரு பிலிப்பைன்ஸ்காரர், கைபேசியில் தன் மகளுக்குக் குட்டிகளின் படத்தை அனுப்பிக்கொண்டிருந்ததால் உடனே சம்மதித்தார். நஸீரின் கூட்டம் தங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பலகையும் கம்பிவலையும் கொண்டு கூடு அடித்தது. இராசநாயகம் ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தார்.

தலைப்பு

அன்று மாலை செய்தியை எழுதி அனுப்பினேன். தங்கையின் பெயரை விட்டு, "மிருக வைத்தியர்" என்று மட்டும் போட்டேன். "கங்காருவின் தூரத்து உறவு" என்ற என் சொற்களுக்குத் தலைப்பில் இடம் போதவில்லையாம். கொழும்பு மேசை வெட்டியது. மறுநாள் நாடெங்கும் வந்த தலைப்பு: "திருமலைத் துறைமுகத்தில் கங்காரு."

கிண்ணியாவிலிருந்து ஒரு வான் நிறையச் சனம் வந்தது. சல்லியிலிருந்து மீனவக் குடும்பங்கள் வந்தன. பாலையூற்றிலிருந்து ஒரு முழுப் பாலர் பாடசாலை வரிசையாக வந்தது. துறைமுக வாசல் காவலாளி தொலைபேசியில் என்னிடம் கெஞ்சினார். "அண்ணை, கங்காரு இல்லையெண்டு சொன்னால் சனம் என்னைப் பொய்யன் எண்டுது. பேப்பரில கிடக்காம்."

திருத்தம் எழுதி அனுப்பினேன். உள்பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்குக் கீழே வந்தது. ஒருவரும் வாசிக்கவில்லை.

கட்டைபறிச்சானில்

கப்பல் புறப்பட்ட காலையில் சுகந்தி துறைமுகத்தில் இல்லை. கட்டைபறிச்சானில் பூமணியக்காவின் பசு கன்று போட முடியாமல் தவித்தது. ஜீப் இன்னும் கராஜில். நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

அவள் கை தோள்வரை பசுவுக்குள் இருந்தது. கன்னம் பசுவின் தொடையோடு ஒட்டியிருந்தது. கன்றின் ஒரு முன்னங்கால் மடங்கிவிட்டதாம். அதை உள்ளேயே நிமிர்த்த வேண்டும். வேலிக்கு அப்பால், குடாவின் நீரில், கப்பல் வெளிக்கடலை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"சுகந்தி, கப்பல் போகுது."

"போகட்டும். நஸீர் காக்கா ஏதும் சொன்னவரோ?"

"விடிய எடுத்தவர். தாய் அவிச்ச முட்டை தின்னுதாம், கோதோட. குட்டியெல்லாம் பைக்குள்ள அசையுதாம்."

"ம்," என்றாள். அவள் கண்கள் மூடியிருந்தன, விரல்களால் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, அந்தக் கயித்தைத் தாங்கோ. வந்திட்டுது."

இரண்டு கால்களும் வந்தன, பிறகு மூக்கு, பிறகு முழுக் கன்றும் வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. பூமணியக்கா அதன் மூக்கைச் சீலைத் தலைப்பால் துடைத்தார். பசு நக்கியது. சற்றுப் பொறுத்துக் கன்று நடுங்கும் கால்களில் எழுந்து, விழுந்து, எழுந்து, நேரே மடியைத் தேடிப் போனது. பிறந்த அன்றே ஓடத் தயாரான விலங்கு.

இளங்கொடி விழும்வரை சுகந்தி காத்திருந்தாள். அது முழுதாக விழுந்ததா என்று விரித்துப் பார்த்தாள். பிறகு பூமணியக்கா அதை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, வளவின் மூலையில் நின்ற ஆலமரத்துக்குக் கொண்டுபோய்க் கொப்பில் தொங்கவிட்டார். பாலுள்ள மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் கூடும் என்பது இங்கே நம்பிக்கை. ஏற்கெனவே இரண்டு மூன்று பழைய சாக்குகள் அங்கே தொங்கின.

"கப்பலில போற தாய்க்கு இது இல்லைத்தானே?" என்று கேட்டேன்.

சுகந்தி கிணற்றடியில் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். "இருக்கு. சின்னது, கொஞ்ச நாளைக்கு மட்டும். இல்லையெண்டு எழுதிப்போடாதீங்கோ."

"எழுதமாட்டன். ஆனா குறைவுதானே அது? இந்தக் கன்றைப் பார், ஓடுது."

"இவ உள்ளுக்கு வைச்சு வளர்த்தவ. அவ வெளியில வைச்சு வளர்க்கிறா. அதுகும் ஒரு மாசத்துக்கு மேல கடலில, கயித்துக்கு நடுவில, ஒரு குட்டியையும் விழ விடாமல். இதில எது அண்ணா குறைவு?"

மற்றவர்கள் சொன்னதை வெட்டியும் ஒட்டியும் அச்சுக்கு அனுப்பியே என் காலம் போனது. தங்கை ஈரக் கையோடு நின்று சொன்னதில் கைவைக்க எனக்கு ஓரிடமும் அகப்படவில்லை. அவள் சொன்னபடியே இங்கே போட்டிருக்கிறேன், பெயரோடு.